சேமிப்பு குறைந்ததா, கடன் கூடியதா?

இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதம்தான் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கணக்குச் சொன்னதும், மக்கள் ஊதாரிகளாகிவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. 2020-21-ல் இது 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

ஆனால் 2020-21-ஐ அளவுகோலாக வைப்பதே சரியில்லை. கொரோனாவில் கல்யாணம் கிடையாது, ஊர்ப்பயணம் கிடையாது, கடைகளும் பாதி நாள் மூடல். சம்பளம் வந்தவர்களுக்குச் செலவழிக்க வழியில்லை, நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் வேறு. அமெரிக்காவிலும் இதேதான்: 2020 ஏப்ரலில் அங்கே சேமிப்பு விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது, அப்புறம் இறங்கிவிட்டது.

சரி, அடுத்த இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுவோம். வங்கி டெபாசிட், காப்பீடு, பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் என்று குடும்பங்கள் போட்ட மொத்தத் தொகை 2021-22-லும் 2022-23-லும் 11 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. எகிறியது கடன். சுமார் 4 சதவீதமாக இருந்த புதுக்கடன் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 6 ஆனது. 'நிகர' என்றால் போட்டதிலிருந்து வாங்கிய கடனைக் கழிப்பது, அதனால்தான் எண் இவ்வளவு சரிந்தது.

இந்தக் கழித்தலை ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஆண்டுக்கு 2 லட்சம் டெபாசிட் போடுகிறார், அதே ஆண்டில் 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கிப் புது ஃபிளாட் வாங்குகிறார். நிதிக் கணக்கில் அவர் மைனஸ் 28 லட்சம். அந்த ஃபிளாட்டோ 'பௌதிகச் சேமிப்பு' என்ற வேறு தலைப்பில் போய் உட்காரும், நகை அதற்கும் தனித் தலைப்பில். பழைய வீட்டை வாங்கியிருந்தால் கதையே வேறு: ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுவதால் நாட்டின் கணக்கில் புதுச் சேமிப்பு ஏதும் சேராது, விற்றவரின் வங்கிக் கணக்கு மட்டும் பருக்கும்.

வீடும் வண்டியும் வாங்கத்தான் கடன் என்று நிதியமைச்சகம் அப்போது விளக்கம் சொன்னது. பாதி சரி. ஈடு இல்லாத தனிநபர் கடனும் கிரெடிட் கார்டு பாக்கியும் கூடவே வேகமாக ஏறின. அவற்றில் ஒரு பகுதி அன்றாடச் செலவுக்கே போயிருந்தால் மறுபக்கம் எந்தச் சொத்தும் இருக்காது. எனக்குக் கவலை அதில்தான். 2023 நவம்பரில் இத்தகைய கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியது, அதற்குப் பிறகே இவற்றின் வேகம் தணிந்தது.