பிளாஸ்மான் அலைநடத்தி: சொல் விளக்கம்

ஒளியைக் குறுகிய பாதைக்குள் அடக்கி, வளைத்து, வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பு அலைநடத்தி. கண்ணாடி இழையும் அந்த வகைதான். இதே வேலையை உலோகப் பரப்பில் உள்ள எலெக்ட்ரான்களின் துணையோடு செய்தால், அது பிளாஸ்மான் அலைநடத்தி.

'பிளாஸ்மா' கிரேக்கச் சொல். வார்த்து உருவாக்கியது என்று பொருள். பிளாஸ்டிக்குக்கும் அதே வேர்தான். குருதியின் நீர்ப்பகுதிக்கு வழங்கிவந்த இந்தப் பெயரை, 1928இல் அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் அயனியாகிவிட்ட வாயுவுக்கு வைத்தார். உலோகத்துக்குள்ளும் கிட்டத்தட்ட அதே நிலைமை: இடம்பெயராத நேர்மின் அயனிகள், நடுவே கட்டின்றித் திரியும் எலெக்ட்ரான்கள். எலெக்ட்ரான் கூட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால் நேர்மின்னூட்டம் பின்னுக்கு இழுக்கும். திரும்பும் வேகத்தில் மறுபக்கம் தாண்டிப்போகும், மறுபடி இழுபடும். இயற்பியலாளர்கள் டேவிட் போமும் டேவிட் பைன்சும் 1950களின் தொடக்கத்தில் இந்தக் கூட்டு அலைவுக்குக் கோட்பாடு வகுத்தார்கள். அதன் ஆற்றல் துண்டு துண்டாகவே வரும். எலெக்ட்ரான், ஃபோட்டான் போல 'ஆன்' விகுதி சேர்த்து, அந்தத் துண்டுக்கு 'பிளாஸ்மான்' என்று 1956இல் பைன்ஸ் பெயர் வைத்தார். அலைவு உலோகத்தின் மேற்பரப்போடு ஒட்டியும் ஓடலாம் என்று 1957இல் ரூஃபஸ் ரிட்சி காட்டினார். அலைநடத்திக்குத் தேவையானது இந்த மேற்பரப்பு வகைதான்.

இதனால் என்ன லாபம்? சாதாரணக் கண்ணாடியிலோ சிலிக்கனிலோ ஒளியை அதன் அரை அலைநீளத்தைவிட ரொம்பக் குறுக்க முடியாது. தொலைத்தொடர்பில் பயன்படும் 1550 நானோமீட்டர் ஒளிக்கு, அலைநீளம் சுருங்கிவிடும் சிலிக்கனுக்குள்கூட அந்த எல்லை சுமார் 220 நானோமீட்டர். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே சில பத்து நானோமீட்டர் இடைவெளி விட்டால், பிளாஸ்மானாக மாறிய ஒளி அதற்குள்ளும் நுழைந்து போகும். விலையும் உண்டு. ஓடும் எலெக்ட்ரான்கள் மோதி ஆற்றலை வெப்பமாக்கிவிடும். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் ஒளி தேய்ந்துபோகும். சில சமயம் ஒரு சில மைக்ரோமீட்டரிலேயே. கண்ணாடி இழையில் ஒளி பல கிலோமீட்டர் போகிறது. ஆகவே இது நெடுந்தூர இழைக்கு மாற்று ஆகாது. ஒரு மின்னணுச் சில்லுக்குள் (சிப்) ஒளியை மாற்றியமைக்கும் மிகச் சிறிய கருவிகளுக்கும் உணரிகளுக்கும்தான் பொருந்தும்.

சரி, ஆங்கிலத்தில் 'பிளாஸ்மோனிக் வேவ்கைட்' எனப்படும் இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அலைவழிகாட்டி' என்று எழுதினால், ஓரமாக நின்று கைகாட்டும் ஆள் நினைவுக்கு வருகிறார். இந்த அமைப்போ அலையைப் பிடித்து வைத்தே கொண்டுபோகிறது. 'அலைநடத்தி' அந்தச் செயலுக்கு நெருக்கமானது, சுருக்கமானதும்கூட. பிளாஸ்மானை மட்டும் அப்படியே விடலாம் என்பது என் கருத்து. 'கூட்டு மின்னலைவுத் துணுக்கு' என்று ஒன்றைக் கட்டினால் விளக்கமாக நிற்குமே தவிர, பெயராக வழங்காது. 'பிளாஸ்மோனிக்' என்ற பெயரடையும் தமிழுக்கு வேண்டியதில்லை. 'ஒளி இழை' என்பதுபோல் பெயரோடு பெயரை அடுக்கி 'பிளாஸ்மான் அலைநடத்தி' என்றாலே போதும்.