முகாமில் என்ன செய்தீர்கள்?

கோவையில் பதினான்கு வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். வருடாவருடம் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்கிறேன். பலருடைய ரெஸ்யூமின் கடைசிப் பக்கத்தில், பொழுதுபோக்குக்கும் பிறந்த தேதிக்கும் நடுவில், ‘என்எஸ்எஸ் வாலன்டியர்’, அதாவது நாட்டு நலப்பணித் திட்டத் தன்னார்வலர், என்று ஒரு வரி கிடக்கும். எழுதியவர்களே அதைப் பெரிதாக நினைப்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

போன வருடம் ஒரு பி.காம். மாணவி வந்திருந்தார். எதைக் கேட்டாலும் ஒரு வரிதான் பதில், அதுவும் பாதி காதில் விழவில்லை. “என்எஸ்எஸ் கேம்ப்ல என்ன செஞ்சீங்கம்மா?” என்றேன். “ஸ்டோர் பாத்துக்கிட்டேன் சார்.” ஏழு நாள் முகாம், ஐம்பது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. ஊர்ப் பிள்ளைகளும் மதியம் வந்து உட்கார்ந்துவிட, மூன்றாம் நாளே அரிசி போதாது என்று தெரிந்துவிட்டது. சாப்பிட வந்த பிள்ளையை எழுப்பிவிட மனசு வருமா? அன்று இரவிலிருந்து எத்தனை படி போட்டோம், எவ்வளவு மிஞ்சியது என்று நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார். இரண்டு நாள் காலையில் பொங்கலுக்குப் பதில் ரவை உப்புமா. உள்ளூர் மளிகைக்காரரிடம் பேசி அரை மூட்டை அரிசியைக் கடனுக்கு வாங்கி, கிளம்பும் நாளில் பைசா பாக்கியில்லாமல் தீர்த்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. நாங்கள் அன்று தேடியது பர்ச்சேஸ் பிரிவுக்கு ஆள். இருப்பைக் கணக்கிடுவது, தேவையை முன்கூட்டிக் கணிப்பது, கடைக்காரரிடம் பேசுவது என்று எங்களுக்கு வேண்டியது எல்லாம் அந்த ஏழு நாளில் இருந்தது. ஆனால் ரெஸ்யூமில் ‘சமூக சேவையில் ஆர்வம்’ என்று மட்டும் போட்டிருந்தார்.

காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் என்எஸ்எஸ். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்குப் போட்டால் முழுசாக முப்பது நாள். இதை அனுபவம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இன்னொன்றும் உண்டு. அலுவலகத்தில் மேலாளர் சொன்னால் வேலை நடந்துவிடும். சேவைக்கு வந்த இடத்தில் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. அங்கே நாலு பேரைப் பேசிச் சம்மதிக்க வைத்து ஒரு காரியத்தை முடித்தவருக்குக் குழுவில் வேலை செய்யத் தனியாகப் பயிற்சி தேவைப்படாது.

கல்யாணம், குழந்தை என்று சில வருடம் வேலையை விட்டிருந்த பெண்களுக்கு, சேவையை அனுபவமாகச் சொல்வது இன்னும் முக்கியம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த தன்னார்வலர்களில் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் நிறைய. அவர்களில் சிலர் என்னிடம் வேலை கேட்டு வரும்போது, “அஞ்சு வருஷமா சும்மாதான் சார் இருந்தேன்” என்கிறார்கள். கேட்கவே சங்கடமாக இருக்கும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாதம், எந்தப் பாடம் என்று எழுதுங்கள்.

கணினித் துறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி கூடுதலாக உண்டு. யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தினாலும், தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதினாலும் அது உங்கள் பயனர் பெயரில் பொதுவில் நிற்கும். இணைப்பைக் கொடுத்தால் போதும், நாங்களே பார்த்துக்கொள்வோம்.

அப்புறம், செய்யாததை எழுதாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். லாபத்துக்கு நடக்கும் கம்பெனி ‘வாலன்டியர்’ என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்கினால், அது சேவை இல்லை, சுரண்டல். சான்றிதழுக்குப் பணம் கேட்கும் இடத்துக்கும் போகாதீர்கள். நல்ல அமைப்பாக இருந்தால், என்ன வேலை, எத்தனை நாள் செய்தீர்கள் என்று பொறுப்பாளரிடம் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெண்ணிடம், “அந்த நோட்டு இருக்கா?” என்று கேட்டேன். வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அடுத்த சுற்றுக்கு வரும்போது கையோடு எடுத்து வரச் சொன்னேன்.