டென்ட்டைத் தூக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள், தம்பிகளா

போன வாரம் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு போன். குரோஷியாவிலிருந்து, நம்ம அம்பாசமுத்திரத்துத் தம்பி. அங்கே அப்போது ராத்திரி ஒரு மணி. "அண்ணாச்சி, போலீஸ் எழுப்பிட்டாங்க, டென்ட்டைப் பிரிக்கச் சொல்லுதாங்க, அபராதம் எழுதுதாங்க" என்கிறான், குரல் நடுங்குகிறது. கடற்கரை ஓரமாகப் பைன் மரத்தடியில் படுத்திருக்கிறான். கிளம்புமுன் என்னிடம் கொடுத்த பயணத் திட்டத்தில் அந்த ராத்திரிக்கு ஹாஸ்டல், அதாவது ராத்திரிக் கணக்கில் கட்டில் எடுக்கும் மலிவு விடுதிதான் இருந்தது. விசா கைக்கு வந்ததும் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று அதை ரத்து செய்துவிட்டான். கட்டிய அபராதத்தில் அதே ஊர் ஹாஸ்டலில் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். இந்தக் கோடையில் இப்படி வந்த மூன்றாவது போன் இது. இனிமேலும் சும்மா இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் 14 வருஷமாக விசா, டிக்கெட் வேலை பார்க்கிறேன். முதுகுப்பையோடு ஐரோப்பா போகும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றேதான்: "தங்க காசு வேண்டாம் அண்ணாச்சி, டென்ட் இருக்கு, வெளிநாட்டுல எங்க வேணும்னாலும் போட்டுக்கிடலாம், எல்லாரும் அப்படித்தான சொல்லுதாங்க." இந்த எல்லாரும் யார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

எங்கே வேண்டுமானாலும் போட முடியாது. முண்டந்துறைக் காட்டுக்குள் வனத்துறையைக் கேட்காமல் ஒரு ராத்திரி படுத்துவிட முடியுமா? அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கூடாரம் அடிப்போமா? நம்ம ஊரில் செய்யத் துணியாததை விமானம் ஏறிப் போய்ச் செய்யலாம் என்று எப்படித் தோன்றுகிறது? அடுத்தவர் நிலத்திலும் கேட்காமல் டென்ட் போடும் உரிமை உள்ள நாடுகள் சில உண்டு, நார்வே, சுவீடன், பின்லாந்து மாதிரி. நார்வேயில் 1957லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கேயும் கணக்கு இருக்கிறது: ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், பயிர் நிலத்தில் கூடாது, வீடுகளுக்கு அருகில் என்றால் ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிக்கு மேல் வேண்டுமானால் நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும், ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டோரத்திலோ தீ மூட்டக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி போடலாம், ஆனால் லோமண்ட் ஏரிக்கரையில் பல இடங்களில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதே பிரிட்டனில் இங்கிலாந்துக்குள் இறங்கினால் டார்ட்மூர் தேசியப் பூங்கா மாதிரி விதிவிலக்குகள் போக நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் முடியாது. குரோஷியா, கிரீஸ், நெதர்லாந்து இங்கெல்லாம் காசு கட்டி டென்ட் போடும் முகாம் மைதானத்துக்கு வெளியே கூடாரம் போடுவதற்கே தடை. சுவீடனில் எடுத்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஐரோப்பா முழுக்க ஒரே சட்டம் என்று நம்புகிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, காசு கொடுத்தே முகாம் மைதானத்துக்குப் போகிறேன் என்றால் நல்லது. ஆனால் கணக்குப் பாருங்கள். பல இடங்களில் டென்ட்டுக்கு ஒரு கட்டணம், ஆளுக்கு ஒரு கட்டணம். மூன்று பேர் போனால் டென்ட் காசு பிரிந்துவிடும், தனியாளுக்கு முழுசும் தலையில் விழும். மைதானம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, தினமும் பஸ் காசு போக வர. மலிவு விலை விமானத்தில் டிக்கெட் மலிவுதான், பெட்டிக்குத்தான் காசு பிடுங்குவார்கள். டென்ட், ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பை), பாய் எல்லாம் சேர்ந்து நாலைந்து கிலோ வந்துவிடும். ஒவ்வொரு விமானத்திலும் அந்த மூட்டைக்கு அழ வேண்டும். நாலு நகரம் பார்க்கிற தனியாளுக்கு டென்ட்டால் காசு மிச்சமே இல்லை, ஹாஸ்டல்தான். மலை ஏறப் போகிறவனுக்கு, அதுவும் கூட்டாளிகளோடு போகிறவனுக்கு, டென்ட் சரி.

இன்னொன்று, குளிர். ஒரு தம்பி மே மாதம் மொட்டை மாடியில் டென்ட்டை விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு "வேர்த்து ஊத்திட்டு அண்ணாச்சி, அந்த மெல்லிசுப் பையே போதும்" என்றான். நார்வே மலையில் ஆகஸ்ட் ராத்திரி 5 டிகிரிக்கும் கீழே போகும். நம்ம உடம்பு அதைக் கண்டதே கிடையாது. ஸ்லீப்பிங் பேக்கின் சீட்டைத் திருப்பிப் பாருங்கள், எத்தனை டிகிரி குளிர் வரை தாங்கும் என்று பெரும்பாலும் மூன்று எண் இருக்கும். கடைக்காரர் காட்டுவது கடைசி எண்ணை. அது உயிர் போகாமல் இருக்க, தூங்குவதற்கு அல்ல. வசதியாகத் தூங்கும் அளவு முதல் எண். அடியில் பாய் இல்லாவிட்டால் எந்தப் பையும் உதவாது, தரை சூட்டை உறிஞ்சிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஹாஸ்டல் என்றதும் "வார்டன் உண்டா, மெஸ் உண்டா" என்று கேட்கிறீர்கள். இது காலேஜ் ஹாஸ்டல் இல்லை. அடுக்குக் கட்டில்கள் போட்ட ஒரு அறையில் ஆளுக்கு ஒரு கட்டில், பொதுக் குளியலறை, பல இடங்களில் நாமே சமைத்துக்கொள்ள அடுப்படி. ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கும் அறை உண்டு, பெண்களுக்கு மட்டும் என்று தனி அறையும் பல இடங்களில் உண்டு. பதிவு செய்யும்போது பார்த்து எடுங்கள். லாக்கருக்குப் பூட்டு பெரும்பாலும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். திண்டுக்கல் பூட்டு அந்த வளையத்தில் நுழையாது, சின்ன நம்பர் பூட்டு வாங்குங்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பல ஹாஸ்டல்களில் ஸ்லீப்பிங் பேக்கைக் கட்டிலில் விரிக்க விடமாட்டார்கள், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்க ஓர் இடம் இருக்கிறதே, டென்ட்டில் அது கிடையாது.

விசாவுக்காகப் பதிவைக் காட்டிவிட்டு அப்புறம் ரத்து செய்யும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். எல்லையில் எங்கே தங்குகிறாய் என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம், விசாவையே ரத்து செய்யலாம். முகாம் மைதானத்திலும் முன்பதிவுச் சீட்டு தருவார்கள், அதையே விண்ணப்பத்தோடு வைக்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. கேஸ் குப்பியைக் கைப்பையிலும் வைக்காதீர்கள், பெட்டியிலும் வைக்காதீர்கள், இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். டென்ட் முளைகள் பெட்டிக்குள் போகட்டும். முகாம் அடுப்பு கொண்டுபோனால் எரிபொருள் வாடை இல்லாமல் கழுவித் துடையுங்கள்.

குரோஷியாவிலிருந்து போன் பண்ணிய அந்தத் தம்பியின் அம்மா அன்று காலை எட்டு மணிக்கே கடை வாசலில் வந்து நின்றார்கள். முதல் நாளிலிருந்து போன் எடுக்கவில்லையாம். "எங்க படுத்திருக்கான்னாவது தெரியுமா தம்பி?" என்றார்கள். என்னிடம் இருந்ததோ அவன் ரத்து செய்த ஹாஸ்டலின் முகவரி. இருட்டுமுன் ஊர்ப் பெயரும் தங்கும் இடத்தின் பெயரும் ஒரு வரி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஹாஸ்டலானாலும் சரி, டென்ட்டானாலும் சரி.