நீதிபோதனை: சொல் விளக்கம்

வேலூர்ப் பக்கம் படித்தவர்களுக்கு ‘நீதிபோதனை பீரியட்’ நன்றாகத் தெரியும். பாதி நாள் கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொள்வார். மீதி நாள் ஒரு கதை, கடைசியில் “இதிலிருந்து என்ன தெரிகிறது?” ஆறாம் வகுப்புக்கு அது சரி. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதவே போதாது.

இரண்டு பாதியும் வடசொல். ‘நீதி’க்கு வேர் நடத்திச் செல்லுதல், ஒழுகும் முறை என்பது அதன் பழைய பொருள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. ‘போதனை’க்கு வேர் விழித்தல், அறிதல், புத்தரும் போதியும் அதே வேரில் பிறந்தவை. தமிழில் வழங்கி வழங்கி, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது என்று அது சுருங்கிவிட்டது. கெட்டதைச் சொல்லிக்கொடுத்தால் துர்ப்போதனை, சபையில் பிரசங்கம் செய்பவர் போதகர்.

நன்னெறிக் கல்வி, அறக்கல்வி இரண்டும் இப்போது புழங்குகின்றன. நெறி என்றால் வழி; நீதியின் பழைய பொருளுக்கு நெருக்கமானது. ஆனாலும் நான் அறக்கல்வி என்றே எழுதுவேன். எது அறம் என்று தமிழில் காலங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். மனத்தில் மாசில்லாமல் இருப்பதே அறம் என்கிறார் வள்ளுவர். உயிர்களுக்கு உண்டியும் உடையும் உறையுளும் தருவது என்கிறது மணிமேகலை. மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்து, விலக்கியதை ஒழிப்பது என்கிறார் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர். மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வாத்தியார் ஒதுங்கி நின்றால் போதும், வகுப்பு பேசத் தொடங்கிவிடும்.

சமயக் கல்வி வேறு. அதிலும் இரண்டு வகை. ஒரு சமயத்தார் தம் பிள்ளைகளைத் தம் நம்பிக்கையில் வளர்ப்பது சமயபோதனை: கத்தோலிக்கரின் மறைக்கல்வி, முஸ்லிம் பிள்ளைகள் மக்தப் என்னும் ஓதும் பள்ளியில் ஓதுவது. பல சமயங்களையும் அறிந்துகொள்வதற்குச் சமயவியல் என்ற பெயர் பொருந்தும். அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் முதல் வகையைத் தடுக்கிறது. உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவில்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்க முடியாது. சமயங்களைப் பற்றிய கல்விக்கு இந்தத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சொல்லிவிட்டது.

வேலூர் வாத்தியாருக்குப் பாடம் கோட்டைக்குள்ளேயே கிடக்கிறது. ஜலகண்டேசுவரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே அகழிக்குள். 1806-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணையே ஜூலை 10 அன்று இந்தக் கோட்டையில் அவர்கள் எழுச்சி செய்ததற்கு முக்கியக் காரணம். நெற்றிக்குறியும் தாடியும் ஒருவருக்கு ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்பது சமயவியல். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுட்டது சரியா, பிறகு பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை ஆங்கிலேயர் சுவரோரம் நிறுத்திச் சுட்டது சரியா என்று கேட்பது அறக்கல்வி.

விவாதத்துக்கு முறை வேண்டுமென்றால் நன்னூல் என்னும் இலக்கண நூலில் இருக்கிறது. அங்கே ‘மதம்’ என்றால் கொள்கை, நிலைப்பாடு. அது சொல்லும் எழுவகை மதத்தில் உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்று நின்று பிறகு களைதல், இருவர் முரண்பட்டால் ஒன்றைத் துணிதல் எல்லாம் உண்டு. ஒன்பதாம் வகுப்பை நான்கு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒன்றாகக் கொடுக்கலாம்.