பின்னேலாமை: அதைக் ‘களைப்பு’ என்று எழுதாதீர்கள்

கொரோனா வந்து நாலு மாதமாகியும் தேறாத, அதாவது நீள்கோவிட் உள்ள, என் மச்சாளுக்குத் திருகோணமலையில் ஒரு கிளினிக்கில் கொடுத்த தாளில் இப்படி ஒரு வரி இருந்தது: “உடற்பயிற்சிக்குப் பிந்திய களைப்பு வரலாம், பயப்படாமல் நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.” அதற்குப் பிறகும் இதே ‘களைப்பு’ பல இடங்களில் கண்ணில் பட்டுவிட்டது.

நான் பின்னேலாமை என்று சொல்லும் இந்தக் ‘களைப்பு’க்கு ஆங்கில மூலச்சொல் ‘போஸ்ட் எக்சேர்ஷனல் மலேஸ்’. போஸ்ட் என்றால் பின். மலேஸ் பிரெஞ்சுச் சொல். சுகக்கேடு என்று பொருள். எக்சேர்ஷன் என்பது உடம்பாலோ மூளையாலோ சிரமப்படுவது. அவ்வளவுதான்.

களைப்பு என்றால் நமக்கு என்ன? நிலாவெளியில் கரைவலை இழுத்தவருக்கு வருவது களைப்பு. ஒரு பிளேன்ரீ, ஒரு நித்திரை, போய்விடும். இந்த நோயில் வருவது அப்படிப் போகாது. சிரமப்பட்ட அன்று பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அரை நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் உடம்பு நோ, தலைக்குள் பனிப்புகார் மூடினமாதிரி ஒரு மந்தம் எல்லாம் வரும். நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நிற்கும். மச்சாள் உப்புவெளிக் கடற்கரையில் அரை மணி நடந்துவிட்டு வந்து, அன்று பின்னேரம் புட்டும் அவித்தா. மூன்றாம் நாள் காலை சீப்பைத் தலைக்குத் தூக்க ஏலாமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. தாளில் களைப்பு என்றுதானே இருந்தது? அடுத்த நாளும் நடக்கப் போனா.

‘உடற்பயிற்சிக்குப் பிந்திய’ என்பதும் பிழை. குளிப்பதும், வங்கியில் வரிசையில் நிற்பதும், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைக் கிளப்பும்.

2024 ஜனவரியில் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வில், நீள்கோவிட் உள்ள 25 பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்து, மறுநாள் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். தசைச் சேதம் கூடியிருந்தது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு, இதே தொல்லை வரும் ‘நாட்பட்ட களைப்பு’ நோய்க்கு 2007இல் பரிந்துரைத்த, படிப்படியாகப் பயிற்சி கூட்டும் சிகிச்சையை 2021 ஒக்டோபரில் கைவிட்டது. அந்த நோயின் பெயரிலேயே களைப்பு இருக்கிறது, பாருங்கள்.

சிலர் ‘உழைப்புப்பின் நலிவு’ என்கிறார்கள். நலிவு நல்ல சொல்தான், ஆனால் நம் வாயில் இல்லை. நலிந்த தொழில் என்று பத்திரிகையில் படிப்பதோடு சரி. உழைப்பு இன்னும் மோசம். “மகன் கட்டாரில் உழைக்கிறான்” என்றால் எங்கள் பக்கம் சம்பாதிக்கிறான் என்று பொருள். அகராதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றிவைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள், கட்டிலில் கிடப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

“அம்மாவுக்கு ஏலாது” என்கிறோம். சுகமில்லை, செய்ய முடியவில்லை, இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஏல் என்றால் பொருந்துதல், ஏற்றல். பட்ட சிரமத்தை உடம்பு ஏற்கவில்லை என்பதுதானே இந்த நோய்? ஆகவே ‘சிரமத்துக்குப் பின்னான ஏலாமை’; சுருக்கமாகப் பின்னேலாமை. சிரமம் வடசொல் என்பார்கள். இருக்கட்டும், நோயாளிக்கு விளங்குகிறது.

அந்தத் தாளின் வரியை இப்படி மாற்றுங்கள்: “சிரமப்பட்டு இரண்டு நாள் கழித்தும் ஏலாமை வரலாம். வந்தால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லுங்கள்.”