ரெண்டு நூல் கட்டியும் விமானம் ஏன் சுத்துது?

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஒரு வாசகர் போட்டோ அனுப்பி கேட்டிருந்தார். மாடி ரூம்ல பெரிய மேஜை போட்டு அது மேல எச்ஓங்கிற ஸ்கேல்ல ஒரு மாடல் ரயில் லேஅவுட் அமைச்சிருக்கார், ஸ்டேஷன், யார்டு, சிக்னல் எல்லாம் அம்சமா இருக்கு. அதுக்கு மேல 1:72 ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவுல, ஒரு தேஜஸ் போர் விமான மாடல் தொங்குது. விமானம் ரயில் மேலயே வந்து உக்காரப் போற மாதிரி பெருசா தெரியுதுங்கிறது அவரோட முதல் குறை. அடுத்தது, ஒத்த நூல்ல தொங்க விட்டா சுத்துதுன்னு ரெண்டு ரெக்கைலயும் தனித்தனியா நூல் கட்டிட்டார், அப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கு, மூக்கு ஒரு நேரம் ஸ்டேஷனைப் பாக்குது ஒரு நேரம் சுவத்தைப் பாக்குது, ஏன்னு கேட்டிருக்கார்.

முதல் கேள்வியை வேகமா முடிச்சுடலாம். எச்ஓன்னா 1:87. விமானம் 1:72ங்கிறதால ரயிலுக்குப் பொருத்தமான அளவை விட அது சுமார் 20 சதவீதம் பெருசு, அதுவும் கண்ணுக்குக் கிட்டக்க தொங்குது. கண்ணுல இருந்து மாடல் இருக்கிற தூரத்தை ஸ்கேல் நம்பரால பெருக்குங்க, நிஜ விமானம் எவ்வளவு தூரத்துல போனா அதே சைஸ்ல தெரியுமோ அந்த தூரம் கிடைச்சுடும். 60 செ.மீ. தூரத்துல 1:72ன்னா வெறும் 43 மீட்டர். தேஜஸ் 2001 ஜனவரி 4ல முதல்ல பறந்ததே நம்ம எச்ஏஎல் ஏர்போர்ட்ல இருந்துதான், அதை ஒட்டின முருகேஷ்பாளையா பக்கம் இருக்கறவங்களுக்கு அது வானத்துல என்ன சைஸ்ல தெரியும்னு நல்லாவே தெரியும், 43 மீட்டர் தூரத்துல யாரும் பாத்திருக்க மாட்டாங்க. அதே இடத்துல 1:144 வச்சா 86 மீட்டர், 1:200 வச்சா 120 மீட்டர். ரயிலை விட விமானம் சின்ன ஸ்கேல்ல இருக்கறதுதான் சரி, லேஅவுட்டோட பின்பக்கமா தள்ளித் தொங்க விட்டா இன்னும் நல்லது.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வரேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். போட்டோவை பெருசாக்கிப் பாத்தேன். ரெண்டு ரெக்கைல இருந்தும் நூல் கிளம்புது, ஆனா மேல போய் ரெண்டும் சீலிங்ல இருக்கிற ஒரே கொக்கில சேர்ந்துடுது. காரணம் அங்கதான் இருக்கு.

வீட்டு ஊஞ்சல்ல உக்காந்து காலால உந்தி பலகையை ஒரு பக்கமா திருகிப் பாத்திருப்பீங்க, பலகை லேசா மேல ஏறும், விட்டா தானா பழைய திசைக்கே திரும்பி வரும். அங்க ரெண்டு சங்கிலியும் மேலயும் தனித்தனி இடத்துல மாட்டியிருக்கு. பலகையைத் திருப்பினா ரெண்டு சங்கிலியும் சாயணும், சங்கிலியோட நீளம் மாறாது, சாஞ்ச சங்கிலி நேரா தொங்கின சங்கிலி அளவுக்குக் கீழ எட்டாது, அதனால பலகை மேல ஏறித்தான் ஆகணும். மேல ஏறின எதையும் பூமி கீழ இழுக்கும், கீழ வர ஒரே வழி திருகினதைப் பிரிக்கிறது. விமானத்தோட மூக்கை ஒரே திசையில பிடிச்சு வைக்கிறது நூலோட பலம் இல்ல, விமானத்தோட சொந்த எடைதான்!

எவ்வளவு மேல ஏறும்னு கணக்குப் போடலாம். நூல் 50 செ.மீ., ரெண்டு நூலுக்கும் இடைவெளி மேலயும் கீழயும் 8 செ.மீ.ன்னு வச்சுக்குங்க. விமானம் 30 டிகிரி திரும்பினா அது ஏர்ற உயரம் அரை மில்லிமீட்டர் கூட இல்ல. ஆனா அந்த அரை மில்லிமீட்டர் போதும். 50 கிராம் மாடல்னா, மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு ஒண்ணு தன்னோட முறுக்கால காட்டுற எதிர்ப்பை விட, விமானத்தைத் திருப்பிக் கொண்டு வர்ற இந்தப் பலம் ஆயிரம் மடங்குக்கும் மேல.

வாசகர் வீட்ல என்ன நடக்குதுன்னா, ரெண்டு நூலும் ரெக்கையும் சேர்ந்து ஒரு முக்கோணம், அந்த முக்கோணம் அப்படியே முழுசா கொக்கியைச் சுத்தித் திரும்புது, நூல் புதுசா எதுவும் சாய வேண்டியதில்ல, விமானம் மயிரிழை கூட மேல ஏறல, அதனால பூமிக்கு அதைத் திருப்பிக் கொண்டு வர ஒரு காரணமும் இல்ல. திரும்பறதுக்கு எதிரான பலம் மேல் இடைவெளியையும் கீழ் இடைவெளியையும் பெருக்கினா வர்ற அளவைப் பொறுத்தது, அதுல ஒண்ணு பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம். சீலிங்ல ரெண்டாவது கொக்கி ஒண்ணு அடிங்க, வேலை முடிஞ்சது. ரெண்டு இடைவெளியையும் இரட்டிப்பாக்கினா பலம் நாலு மடங்கு, நூலோட நீளத்தைப் பாதியாக்கினா ரெண்டு மடங்கு.

ஒத்த நூல் எவ்வளவு லேசா திரும்பும்ங்கிறதுக்கு அறிவியல் வரலாறுலயே பெரிய சாட்சி இருக்கு. 1798ல ஹென்றி கேவண்டிஷ் பூமியோட அடர்த்தியைக் கண்டுபிடிச்ச சோதனை, ஒரு மரக்கம்போட ரெண்டு முனைலயும் சின்ன ஈய குண்டு, நடுவுல ஒத்த கம்பில தொங்குது, பக்கத்துல சுமார் 158 கிலோ எடையுள்ள ரெண்டு பெரிய ஈய குண்டு. குண்டுக்கும் குண்டுக்கும் நடுவுல இருக்கிற ஈர்ப்பே அந்தக் கம்பியை முறுக்கிடுச்சு! லேசான காத்தோட்டம் கூட சோதனையைக் கெடுத்துடும்னு அவர் அறைக்கு வெளியில நின்னு டெலஸ்கோப் வழியாத்தான் பாத்தார். அப்படிப்பட்ட அமைப்பை நாம சீலிங் ஃபேன் ஓடற ரூம்ல வச்சா என்ன ஆகும்?

வாசகர் இன்னொண்ணும் எழுதியிருந்தார், ராத்திரி ஃபேனை ஆஃப் பண்ணிக் கதவைச் சாத்தினாலும் காலைல விமானம் வேற பக்கம் பாக்குதாம், வீட்ல பெரியவங்க அந்த ரூம்ல ஏதோ இருக்குன்னு பயப்படறாங்களாம். அம்மா, பயப்படாதீங்க. தையல் நூல்ங்கிறது பல இழைகளை முறுக்கிச் செஞ்சது, எடை தொங்கினா அந்த முறுக்கு மெதுவா பிரியும், பருத்தி நூல்னா ஈரப்பதம் மாறும்போதும் முறுக்கு மாறும், பெங்களூர் மழைக்காலத்துல அது நடக்காம இருந்தாதான் ஆச்சரியம். தூண்டில் நரம்பு ஒரே இழை, அதுல இந்தத் தொல்லை இல்ல, அதனால நூலுக்குப் பதிலா அதையே கட்டுங்க. இந்த மாதிரி பயத்தை எல்லாம் எட்டாம் வகுப்பு லேப்லயே போக்கிடலாம், ஒரு ஸ்கேல், ரெண்டு நூல், ஒரு செங்கல் போதும். ஸ்மார்ட் போர்டு வாங்கறதுக்குப் பணம் ஒதுக்கற ஸ்கூல்கள் பிள்ளைங்க கையால தொட்டுச் செய்யற சோதனைக்கு ஏன் ஒதுக்க மாட்டேங்குதுன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூணாவதா வால்லயும் ஒரு நரம்பு கட்டணும், இல்லன்னா மூக்கு மேலயும் கீழயும் ஆடும். வால் நரம்போட நீளத்தைக் கூட்டிக் குறைச்சா ஏர்ற மாதிரியோ இறங்கற மாதிரியோ விமானத்தை வச்சுக்கலாம். நரம்பு ஒல்லியா இருந்தா மட்டும் கண்ணுக்கு மறைஞ்சுடாது, வெளிச்சம் பட்டுப் பளபளன்னு மின்னினா எவ்வளவு ஒல்லியா இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும், அதனால பின்னாடி சுவரோட கலர்ல மங்கலா பெயின்ட் தடவி விடுங்க.

வால் நரம்பைக் கட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சு பாருங்க. ரெண்டு நரம்பும் விமானத்தோட ஈர்ப்பு மையத்துக்கு ரெண்டு பக்கமும் சம தூரத்துல, நேரா இணையா தொங்கட்டும். மூக்கை லேசா திருப்பி விட்டு, பத்து ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு அளங்க. அந்த நேரம், எடை, நரம்போட நீளம், இடைவெளி, இது நாலும் இருந்தா விமானம் திரும்பறதுக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கும்ங்கிற நிலைமத் திருப்புத்திறனைக் கணக்குப் போட்டுடலாம். சின்ன ஆளில்லா விமானங்களுக்கு இன்ஜினியர்கள் இதே மாதிரி ரெண்டு நூல்ல தொங்க விட்டும் இதை அளக்கறாங்க.