கட்டளை வரியில் ஒரு முகவர்: சாட்பொட் தளமும் செயற்கை நுண்ணறிவும் பேசிக்கொள்ளும் விதம்

வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணிந்த பிறகு, நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்களின் கைபேசிகளுக்கு ஓய்வே இருப்பதில்லை. நாளைக்குக் கடல் எப்படி, முதல் படகு எத்தனை மணிக்கு, சிறு பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாமா என்று அதே கேள்விகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்துகொண்டே இருக்கும். படகு ஓட்டும் அயலவர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, ரஸா என்னும் திறந்த மூலத் தளத்தில் கேள்விகளுக்குத் தானாகப் பதில் எழுதும் சிறிய சாட்பொட் ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். தமிழ்ப் பகுதியை மட்டும் முதலில் முடித்தேன். அதைத் திருத்திப் பராமரிக்கும் வேலையில் சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். இவ்விரண்டும், கட்டளைகளை எழுத்தாகத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரி வழியாக எவ்வாறு தொடர்பு கொள்கின்றன, அந்தத் தொடர்பு எந்த இடத்தில் ஏமாற்றக்கூடும் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் தளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரஸாவில் ஒரு சாட்பொட் என்பது அடிப்படையில் சில எழுத்துக் கோப்புகளே. ஒரு கோப்பில் மக்கள் கேட்கக்கூடிய வாக்கியங்கள் நோக்கம் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். என்னுடைய கோப்பில் ‘கடல்_நிலை’ என்ற நோக்கத்தின் கீழும் ‘படகு_நேரம்’ என்ற நோக்கத்தின் கீழும் சில பத்து வாக்கியங்கள் இருந்தன. இன்னொரு கோப்பில் பதில்களும், மற்றொன்றில் எந்தக் கேள்விக்குப் பின் எந்தப் பதில் வரவேண்டும் என்ற உரையாடல் வழிகளும் இருக்கும். இக்கோப்புகளைச் சரிபார்க்க ஒரு கட்டளை, அவற்றைக்கொண்டு கேள்வியின் நோக்கத்தைக் கணிக்கும் மாதிரியைப் பயிற்றுவிக்க ஒரு கட்டளை, பயிற்றுவித்ததைச் சோதிக்க ஒரு கட்டளை என்று எல்லாவற்றையும் முனையம் எனப்படும் கட்டளைத் திரையில் தட்டச்சு செய்தே செய்துவிடலாம்.

முகவர் நிரலுக்கு இது மிகவும் வாய்ப்பான ஏற்பாடு. அதன் உள்ளே இருக்கும் பெருமொழி மாதிரி எழுத்தை வாங்கி எழுத்தைத் தருவது. சுட்டியால் அழுத்தும் திரைகளோ மனிதக் கண்ணுக்காக வடிவமைக்கப்பட்டவை. திரையில் தெரிவதைப் படமாக எடுத்து அனுப்பி அவற்றையும் மாதிரியால் இயக்கவைக்க முடியும் என்றாலும், வேலை மெதுவாக நடக்கும், ஒரு பொத்தான் இடம் மாறினாலும் தடுமாறும். கட்டளை வரி அப்படியல்ல. 1969 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யுனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்த காலம் முதல் அது எழுத்தால் கேட்டு எழுத்தால் பதில் சொல்லியே வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது மூன்றை விட்டுச் செல்லும்: வழக்கமான வெளியீடு, வழுச் செய்திகளுக்கான தனி வெளியீடு, வெளியேறு குறி எனப்படும் ஓர் எண். அந்த எண் 0 ஆக இருந்தால் கட்டளை பழுதின்றி முடிந்தது என்று பொருள். வேறு எண்ணாக இருந்தால் பெரும்பாலும் எங்கோ தவறியிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் மனிதர்களுக்காக வகுக்கப்பட்ட இந்த ஒழுங்கு, பெரிய மாற்றமேதும் இல்லாமல் இன்றைய மாதிரிகளுக்குப் பொருந்திவிட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மொழி மாதிரி தானாகக் கணினியைத் தொடுவதில்லை. ‘இந்தக் கட்டளையை இயக்கு’ என்று குறித்த வடிவில் எழுதித் தருவதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது. எழுதப்பட்டதைப் படித்து, அனுமதி உண்டா என்று பார்த்து, கட்டளையை உண்மையில் இயக்குவது மாதிரியைச் சுற்றி அமைந்த ஒரு சாதாரண நிரல். கிடைத்த வெளியீட்டை அது இதுவரை நடந்த உரையாடலின் அடியில் ஒட்டி, முழுவதையும் மறுபடி மாதிரிக்கு அனுப்புகிறது. மாதிரி அதைப் படித்து அடுத்த கட்டளையை எழுதுகிறது. வேலை முடியும் வரை இந்தச் சுற்று ஓடும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மாதிரியின் நினைவில் தனியாக எதுவும் தங்குவதில்லை. நம் கோப்புறையைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம் முனையம் எழுத்தில் திருப்பிச் சொன்னவையே.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாள்களுக்கென ஓர் எச்சரிக்கைப் பதிலைச் சேர்க்குமாறு முகவரிடம் கேட்டேன். அது உரையாடல் வழிக் கோப்பில் புதிய பதிலின் பெயரை எழுதிவிட்டுச் சரிபார்க்கும் கட்டளையை இயக்கியது. வெளியேறு குறி 1 என்று வந்தது. வழுச் செய்தியோ, உரையாடல் வழியில் பயன்படுத்தப்பட்ட ஒரு பதில், பதில்கள் அறிவிக்கப்படும் கோப்பில் இல்லை என்று அதன் பெயரோடு சுட்டிக்காட்டியது. முகவர் அந்தக் கோப்பைத் திறந்து பதிலைச் சேர்த்தது. மீண்டும் சரிபார்த்தபோது குறி 0 ஆனது. நான் ஒரு சொல்கூடத் தட்டச்சு செய்யவில்லை. முகவரின் திறமையைவிட, இன்ன கோப்பில் இன்ன பெயர் என்று தெளிவாகச் சொன்ன அந்த வழுச் செய்திக்கே இதில் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. ‘ஏதோ தவறு நிகழ்ந்தது’ என்று மட்டும் சொல்லும் ஒரு கருவியோடு இணைத்திருந்தால் இதே முகவர் இருட்டில் துழாவியிருக்கும்.

முனையம் பேசாமல் நிற்பதும் அளவுக்கு மீறிப் பேசுவதும் முகவருக்குச் சங்கடமே. ‘ஆம் அல்லது இல்லை’ என்று இடையில் கேட்டு நிற்கும் கட்டளைக்கு விடை சொல்ல யாரும் இல்லாததால் சுற்று அங்கேயே உறைந்துவிடும். புதிய திட்டம் தொடங்கும் ரஸா கட்டளைக்கு ‘நோ-ப்ரொம்ப்ட்’, அதாவது ‘எதையும் கேட்காதே’ என்ற விருப்பத் தெரிவு இருப்பது இத்தகைய இடங்களுக்காகத்தான். பயிற்சியின்போதோ 100 சுற்றுகளின் முன்னேற்றப் பட்டை நொடிக்கு நொடி அச்சாகும். அது முழுவதும் முகவரின் மொழி மாதிரியிடம் போனால், ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய எழுத்தின் எல்லை வீணாக நிரம்பி, தொடக்கத்தில் நாம் சொன்ன அறிவுறுத்தலே வெளியே தள்ளப்படக்கூடும். ஆகவே வெளியீட்டைக் கோப்பில் சேமித்துக் கடைசிச் சில வரிகளை மட்டும் காட்டச் செய்வது நல்லது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடர்கள். எனக்கு அதிகக் கவலை தந்தது 0 என்ற அந்த எண்தான். பயிற்சி வாக்கியங்களில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தருமாறு ஒருநாள் முகவரிடம் கேட்டேன். அது பைத்தன் மொழியில் சில வரி நிரல் எழுதி இயக்கியது. வெளியேறு குறி 0. வழுச் செய்தி எதுவும் இல்லை. வேலை முடிந்தது என்று முகவரும் அறிவித்தது. பட்டியலைத் திறந்து பார்த்தால் ‘கடல்’ என்ற சொல் ‘கடல’ என்றும், ‘படகு’ என்ற சொல் ‘படக’ என்றும் கிடந்தன. ‘திருகோணமலை’ என்ற எங்கள் ஊரின் பெயர் ‘த’, ‘ர’, ‘க’, ‘ணமல’ என்று நான்கு துண்டுகளாகச் சிதறியிருந்தது.

காரணம் எளியது. கணினியில் எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோடு முறையில் தமிழ் உயிர்மெய் ஒன்று பெரும்பாலும் ஒரே குறியாக இருப்பதில்லை. ‘தி’ என்பது ‘த’ என்ற எழுத்தும் இகரக் குறியும் சேர்ந்தது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் யூனிகோடு ‘எழுத்து’ என்ற வகையில் வைக்காமல் ‘குறி’ என்ற வேறு வகையில் வைத்திருக்கிறது. சொற்களைப் பிரிக்கப் பைத்தனின் வழக்கமான வடிவத் தேடலோ எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. இகரக் குறியைக் கண்டதும் சொல் முடிந்தது என்று வெட்டிவிடுகிறது. கணினியின் கணக்கில் அங்கே எந்தப் பிழையும் நிகழவில்லை, சொன்னதைச் சொன்னபடி செய்தது. இடைவெளியை வைத்துச் சொற்களைப் பிரிக்கச் சொன்னதும் பட்டியல் சரியாக வந்தது. வெளியேறு குறி 0 என்பது கட்டளை முடிந்ததற்குச் சான்று. விடை சரி என்பதற்கு அது சான்று ஆகாது. தமிழோடு வேலை செய்யும் நாம், முகவர் ‘முடிந்தது’ என்று சொன்ன பிறகும் வெளியீட்டைக் கண்ணால் ஒருமுறை வாசித்தே ஆகவேண்டும்.

அனுமதிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். படிக்கவும் சரிபார்க்கவும் சோதிக்கவும் முகவருக்குத் தடையில்லாமல் இடம் கொடுத்திருக்கிறேன். மக்கள் பேசும் நேரடிச் சாட்பொட்டில் மாற்றத்தை ஏற்றும் கட்டளைக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் என் ஒப்புதல் வேண்டும். இணையச் சேவைகளின் இரகசியச் சாவிகளை உரையாடலில் எழுதாமல், முகவர் இயங்கும் கோப்புறைக்கு வெளியே வைத்திருக்கிறேன். வந்துபோனவர்களின் உரையாடல் பதிவுகளை முகவரைப் படிக்கவைக்கும்போது இன்னும் விழிப்பு தேவை. ‘முந்தைய அறிவுறுத்தல்களை மறந்து இதைச் செய்’ என்று யாரோ ஒருவர் அரட்டையில் எழுதியிருந்தால், மாதிரிக்கு அதுவும் படிக்கும் எழுத்துதான். என்னுடைய சொல் எது, வெளியாளின் சொல் எது என்று அது எப்போதும் பிரித்தறியும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

சோதனைக் கட்டளை நல்ல மதிப்பெண்களைக் காட்டிய நாளில் சாட்பொட்டை அயலவரிடம் காட்டினேன். அவர் கைபேசியை வாங்கி, ‘கடல் எப்பிடிக் கிடக்கு?’ என்று எழுதினார். முதல் படகு புறப்படும் நேரம் பதிலாக வந்தது. “தம்பி, நாங்கள் இப்பிடித்தானே கேப்பம். வாடை கிளம்பீட்டுதோ, கச்சான் அடிக்குதோ எண்டும் கேப்பினம். அதுகள் இதுக்க இருக்கோ?” என்றார். இல்லை. சோதனைக்கான வாக்கியங்களும் பயிற்சிக்கான வாக்கியங்களும் ஒரே கோப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. இரண்டையும் எழுதியது நானும் முகவரும். எங்களுக்குத் தெரியாத பேச்சு சோதனையிலும் இருக்கவில்லை. தெரியாத வாக்கியம் வந்தாலும் தெரிந்த நோக்கங்களில் ஒன்றுக்கே மாதிரி உயர்ந்த மதிப்பைக் கொடுக்கும், அம்மதிப்பு 0.3 ஐவிடக் குறைந்தாலோ, முதல் இரண்டு நோக்கங்களின் மதிப்புகள் மிக நெருங்கியிருந்தாலோதான், ரஸாவின் தொடக்க அமைப்பின்படி, ‘புரியவில்லை’ என்ற பதிலுக்குப் போகும்.

அவர் சொல்லச் சொல்ல இருபத்தாறு வாக்கியங்களை எழுதிக்கொண்டேன். அவற்றில் பாதியைப் பயிற்சிக் கோப்பிலும் மீதியை முகவர் தொடமுடியாத தனிச் சோதனைக் கோப்பிலும் சேர்த்தேன். எச்சரிக்கைப் பதிலைக் கடல்நிலைக் கேள்விகளோடு இணைத்துப் பயிற்சியை மறுபடி ஓட்டிய முகவர், இப்போது நேரடிச் சாட்பொட்டில் ஏற்றுவதற்கு என் ஒப்புதலைக் கேட்டு நிற்கிறது. அந்தத் தனிக் கோப்பின் விடைகளை அயலவர் கரைக்குத் திரும்பியதும் இருவருமாக வாசித்துப் பார்த்த பிறகே அதற்கு ‘ஆம்’ சொல்வேன்.